அஸ்திவாரத்தில் தட்டுப்பட்ட தூக்கம்

பழைய ஓட்டலுக்குப் பக்கத்துக் காலி மனையில் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்காக அஸ்திவாரம் தோண்டியபோது, ஐந்தடி ஆழத்தில் தூக்கம் தட்டுப்பட்டது. தண்ணீர் வரும் என்று பம்பு வைத்திருந்தார்கள், பாறை வரும் என்று கம்ப்ரசர் வைத்திருந்தார்கள், தூக்கத்துக்கு மட்டும் ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. அது சாம்பல் நிறத்தில், பலமுறை துவைத்த துணி மாதிரி மெத்தென்று, கையில் எடுத்தால் இளஞ்சூடாக இருந்தது. முதலில் பார்த்தவர் பொக்லைன் ஓட்டுநர். இது என்ன மண் என்று பார்ப்பதற்காகப் பக்கெட்டை உயரத் தூக்கினார், தூக்கியபடியே தூங்கிப்போனார். எழுப்பப் போன மேஸ்திரி அவர் மடியிலேயே சாய்ந்தார். மேஸ்திரியைத் தேடிப் போன கம்பி கட்டுகிறவர்கள் கம்பிக்கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் கண்விழித்தபோது தூக்கிய பக்கெட்டுக்குள் காக்கை கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகள் பறந்துகொண்டிருந்தன என்று சொல்கிறார்கள். அது மிகை. குஞ்சுகளுக்கு அப்போதுதான் இறகு முளைத்திருந்தது.

தூக்கம் அங்கே எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அந்த ஓட்டல் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. தேக்குப் படிக்கட்டு, பித்தளைக் கதவு போட்ட லிஃப்ட், ஆளுயரச் சன்னல்கள், திறந்தால் முதலில் இருமிவிட்டு அப்புறம் தண்ணீர் விடும் குழாய்கள். சாப்பாடு சுமார், வாடகை அநியாயம். ஆனால் ஒரு தடவை அங்கே படுத்து எழுந்தவன், அதுவரை தான் தூங்கியதையெல்லாம் தூக்கம் என்று சொல்ல வெட்கப்பட்டான். கட்டியவர் காலத்திலிருந்தே அங்கே ஒரு விதி இருந்தது. விருந்தாளி எழுந்து போனதும் விரிப்பை நேராகச் சலவைக்குப் போடக் கூடாது. கிழக்குச் சன்னல் வழியாக வெளியே நீட்டி மூன்று தடவை உதற வேண்டும். தூசி போகும் என்று அவர் நினைத்தார். விரிப்பில் தூசி என்ன பெரிய தூசி. உதறிக் கொட்டியதெல்லாம் தூங்கி மிஞ்சிய தூக்கம். அது கிழக்கு மனையில் விழுந்து, மேலே மண் மூடி, அதன் மேல் அடுத்த வருஷத்துத் தூக்கம் விழுந்து, அடுக்கடுக்காக இறங்கியது. வெயில் ஏறியதும் கொஞ்சம் ஆவியாகி, திறந்த சன்னல்கள் வழியே அறைகளுக்குள் திரும்பி வந்தது. ஓட்டலின் பெயர் அப்படித்தான் ஓங்கியது. மனையில் திரிந்த நாய்கள் பிறந்ததிலிருந்து குரைத்ததில்லை. மனையை வாங்க வந்தவர்கள் அளவு நாடாவை நீட்டும்போதே கொட்டாவி விட்டு, அவசரமென்ன, அடுத்த வாரம் வரலாம் என்று போய்விட்டார்கள்.

கொட்டாவி விடாமல் அளந்து முடித்தவர் ஒரே ஒருவர்தான். அவரை நேரில் முதலாளி என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ஆந்தையார் என்பார்கள். ஏழு வயதிலிருந்து அவர் தூங்கியதில்லை. கொஞ்சமாகத் தூங்குவார், விட்டு விட்டுத் தூங்குவார் என்பதெல்லாம் இல்லை, பொட்டுத் தூக்கம் கிடையாது. அதனால்தான் பணக்காரர் ஆனார். மற்றவர்கள் படுத்திருந்த நேரத்தில் படித்தார், கணக்குப் போட்டார், விடிவதற்குள் ஒரு மாடி ஏற்றினார். நகரத்தில் நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தில் பாதி அவருடையது. தூக்க மாத்திரை விழுங்கிப் பார்த்தார், எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரர்தான் தூங்கினார். படுக்கைக்குப் பக்கத்தில் விளக்கு எரிவது போலக் கணவர் உட்கார்ந்திருப்பதற்கு அவர் மனைவி பழகிக்கொண்டாள். அறுபது வயதில் அவருக்குத் தொண்ணூறு வயதுக் களைப்பு. கையெழுத்துப் போடும்போது பேனா கனத்தது. இனி ஒரு கட்டடம் கட்ட உடம்பில் தெம்பில்லை என்று அவருக்கே தெரியும். இருந்தும் அந்த மனையை வாங்கினார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஓட்டலில்தான் அவர் பிறந்தார். அவருடைய அப்பா அங்கே லிஃப்ட் ஓட்டினார். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையில் குடித்தனம். அவர் கடைசியாகத் தூங்கியது அந்த அறையில். தொலைந்தது அங்கேதான் எங்காவது கிடக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பள்ளத்தில் தூக்கம் தட்டுப்பட்டதும் நினைப்பு நிச்சயம் ஆகிவிட்டது. ஊர் அவர் கட்டடம் கட்டுகிறார் என்று நினைத்தது. அவர் தன் தூக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதே ஓட்டலில் அவருடைய அக்கா இன்னும் வேலை பார்த்தாள். விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் பொறுப்பு, அவளுக்குக் கீழே நாற்பது பெண்கள். ஓட்டல் முதலாளி உட்பட எல்லோரும் அவளை விரிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் நடந்ததாக யாருக்கும் தெரியாது. தம்பி எதிரே வந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள், அவ்வளவுதான். காரணம் கேட்டுக் கேட்டு, கடைசியில் தம்பியும் கேட்பதை விட்டுவிட்டார்.

வேலையாட்கள் தூங்கித் தூங்கி விழுந்ததால், தூக்கம் வராதவர்கள் மட்டும் வரவும் என்று ஆந்தையார் விளம்பரம் கொடுத்தார். கூட்டம் தெருமுனையைத் தாண்டி நின்றது. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள், வாடகைக்கு விட்டுவிட்டுக் காலிசெய்யச் சொல்ல முடியாதவர்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள், ஒரு கவிஞர். எல்லோரும் மும்முரமாகத் தோண்டினார்கள். ஒரு மாதத்துக்குள் அத்தனை பேருக்கும் குணமாகி, கன்னம் உப்பி, வேலைக்கு லாயக்கில்லாமல் போனார்கள். கவிஞர் எழுதுவதையே நிறுத்திவிட்டு மனைவியிடம் நல்ல பெயர் வாங்கினார். லாரியில் ஏற்றிய மண் எங்கெங்கோ போனது. ஒரு லோடு பொதுக்கூட்ட மைதானத்தில் பள்ளம் நிரவக் கொட்டப்பட்டது. அந்த வாரம் அங்கே பேசிய தலைவர் மாலை முழுக்கப் பேசினார், கூட்டத்தில் ஓர் ஆள்கூட எழுந்து போகவில்லை. தன் அரசியல் வாழ்வின் உச்சம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தூக்கத்தில் எல்லாத் தூக்கமும் ஒன்றல்ல என்பது தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது. மேல் அடுக்கில் கிடந்தது இந்தக் காலத்துத் தூக்கம். கிழிசல் கிழிசலாக, செல்போன் வெளிச்சம் பட்டு ஓட்டை விழுந்து, ஒன்றுக்கும் ஆகாது. அதற்குக் கீழே ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைக்காரர்களின் தூக்கம், ஒரு காலில் செருப்போடு. புதுமணத் தம்பதிகளின் அடுக்கு மிக மெல்லியது, காகிதத் தடிமன்கூட இல்லை. யாருடைய தூக்கத்தை மிதித்தாலும் அவர்களுடைய கனவு ஒட்டிக்கொள்ளும். பொக்லைன் ஓட்டுநர், தனக்குக் கப்பலில் சரக்கு வரவேண்டியிருக்கிறது என்று கொஞ்ச காலம் துறைமுகத்துக்குப் போய் வந்தார். கட்டடத்தின் இன்ஜினியர் ஓர் இளம்பெண், தூக்கம் ஏறாமலிருக்க மூக்கில் துணி கவ்வும் கிளிப்பை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். தன் ஏழாவது வயது எத்தனை அடி ஆழத்தில் இருக்கும் என்று ஆந்தையார் அவளைக் கணக்குப் போடச் சொன்னார். ஏன் எதற்கு என்று கேட்காமல் போட்டுக் கொடுத்தாள், அந்த வேலையில் எத்தனையோ கிறுக்கு முதலாளிகளைப் பார்த்தவள். அந்த ஆழத்துக்கு இறங்கிய பிறகு ஆந்தையார் யாரையும் விடவில்லை, தானே தோண்டினார். கிடைத்த ஒவ்வொரு தூக்கத்தையும், ஜவுளிக்கடையில் சட்டை போட்டுப் பார்ப்பது போல, மேலே போட்டுப் பார்த்தார். ஒரு நீதிபதியுடையது விறைப்பாக இருந்தது. ஒரு பாடகியுடையது வழுக்கி வழுக்கி விழுந்தது. எதுவும் அவர் மேல் தங்கவில்லை.

இதற்குள் ஓட்டலில் விஷயம் முற்றிவிட்டது. மண் குறையக் குறைய, சன்னல் வழியே தூக்கம் வருவது குறைந்தது. கிழக்கு அறைக்காரர்கள் சிவந்த கண்களோடு காலையில் இறங்கி வந்து காபி சரியில்லை என்றார்கள், மின்விசிறி சரியில்லை என்றார்கள், பக்கத்து அறைக்காரரின் முகம் சரியில்லை என்றார்கள். அறைகள் காலியாகத் தொடங்கின. பெண்களில் பாதிப் பேரை நிறுத்திவிடலாமா என்று ஓட்டல் முதலாளி விரிப்பக்காவிடம் யோசனை கேட்டார். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு ஒன்று விசாரிக்க வந்தது. பள்ளத்தின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்த குழு, உட்கார்ந்தபடியே தன் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டது. கண் சொருகுவதற்கு முன் அவர்கள் போட்ட ஒரே உத்தரவு, ஓட்டல் சுவரை ஒட்டி ஆறடி அகலத்துக்கு யாரும் மண்ணைத் தொடக் கூடாது என்பது.

மனை முழுக்கத் தோண்டியாயிற்று. ஆந்தையாரின் தூக்கம் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது அந்த ஆறடி மண் வரிசைதான். அங்கே தோண்டினால் ஓட்டலின் கிழக்குச் சுவர் உட்கார்ந்துவிடும் என்று இன்ஜினியர் பெண் சொன்னாள். தோண்டாவிட்டால், மறுநாள் காங்கிரீட் லாரிகள் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஆந்தையார் அந்த மண் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பொக்லைன் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்று காத்திருந்தார்.

அது காலையில் விரிப்பு உதறும் நேரம். அன்றைக்கு எந்தச் சன்னலிலும் விரிப்பு தெரியவில்லை. பின்கட்டுப் படி வழியாக விரிப்பக்கா இறங்கி வந்து, தம்பிக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றாள்.

“அங்க தோண்டினா செவுரு விழுந்திரும்” என்றாள்.

“விழட்டும்க்கா. எனக்கு முடியல.”

“உள்ள நாப்பது பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. அவங்க எங்க போவாங்க?”

“என் ஆபீசுக்கு வரட்டும். பன்னெண்டு மாடி பெருக்க ஆள் வேணும்ல.”

“உன் திமிருக்கும் தூக்கம் கெடையாது போல.”

ஆந்தையார் சிரிக்கவில்லை. வண்டி உறுமிக்கொண்டே நின்றது. ஓட்டுநர் அதை அணைத்துவிட்டு, காது நன்றாகக் கேட்பதற்காகக் கீழே இறங்கி நின்றுகொண்டார்.

“நான் என்ன தேடுறேன்னு உனக்குத் தெரியாதுக்கா.”

“தெரியும். எங்க கெடக்குதுன்னும் தெரியும். போட்டதே நான்தான்.”

சொல்லத் தொடங்கியதும் அவளால் நிறுத்த முடியவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வயது பதின்மூன்று. உன் உதறலில் உயிரே இல்லை என்று மேற்பார்வைக்காரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். வேலைக்காரர் வீட்டு விரிப்புகளைச் சன்னலில் உதறக் கூடாது, நேராகத் தொட்டியில் நனைக்க வேண்டும் என்பதும் ஓட்டல் விதிதான். வாசலுக்கு வரும் பெரிய மனிதர்கள் கண்ணில் ஓட்டை விரிப்பு படக் கூடாது என்று வைத்த விதி. ஆனால் பழகிப் பார்க்க வேறு விரிப்பு அவளுக்கு ஏது. தம்பி அப்போதுதான் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தான். சூடு ஆறாத அவன் விரிப்பை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். துணி அறையின் சின்னச் சன்னல் வழியாக, மேற்பார்வைக்காரி மேலிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து உதறினாள். விருந்தாளி விரிப்பிலிருந்து மிச்சம்தான் விழும். அன்றைக்கு மொத்தமும் விழுந்தது. தலையணைப் பஞ்சு பிரிந்து போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்று படுத்தவன் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தான், மறுநாளும் அப்படியே. அப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. பயம் தீர்ந்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கம் தீர்ந்தபோது அவனுக்கு மீசை முளைத்து, வீட்டை விட்டுப் போயிருந்தான்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அக்கா.”

“எப்படிடா சொல்றது. உன் முழிச்ச மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல. அதான் பேசல.”

“நான் பணக்காரனாயிட்டேன்னு உனக்குக் கோவம்னு நெனச்சேன்.”

“அதுவும் கொஞ்சம் இருந்துச்சு” என்றாள்.

அப்புறம் பேரம் நடந்தது. மண் வரிசையில் இயந்திரம் தொடக் கூடாது, தானும் தன் பெண்களுமாகக் கையால் எடுத்துத் தருவதாக அக்கா சொன்னாள். பதிலுக்கு, லாரியில் போனது போக மிச்சம் தோண்டிக் குவித்திருக்கும் மண்ணையெல்லாம் குழிக்குள்ளேயே திரும்பக் கொட்ட வேண்டும். பூமிக்கடியில் தளம் எதுவும் கூடாது. ஆந்தையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே அவர் திட்டமிட்டிருந்த இரண்டு தளமும் கார் நிறுத்துவதற்கு. கார் நிறுத்த இடமில்லாத அலுவலகத்துக்கு எவன் வாடகைக்கு வருவான் என்று கேட்டார். காரா தூக்கமா என்று நீயே முடிவுபண்ணு என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாழ்நாளில் எந்தப் பேரத்திலும் தோற்காத மனிதர், இன்ஜினியர் பெண்ணைப் பார்த்தார். தூண்களை மட்டும் ஆழமாக இறக்கிக் கட்டடத்தை அதன் மேல் நிறுத்திவிடலாம், மண் அதன்பாட்டுக்கு நடுவில் கிடக்கும் என்று அவள் மூக்கடைத்த குரலில் சொன்னாள். ஆந்தையார் தலையை ஆட்டினார்.

நாற்பது பெண்களும் இறங்கி வந்தார்கள். முறம், துடைப்பம், பீங்கான் கிண்ணம், காபி ஸ்பூன் என்று ஓட்டலில் கிடைத்ததை எடுத்து வந்தார்கள். அவர்களில் ஒருத்தியும் கண் அயரவில்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர் தூக்கத்தை உதறிய கைகள், அது அவர்களை ஒன்றும் செய்யாது. சுவரில் ஒரு செங்கல்கூட அசையாமல், ஒவ்வொரு தூக்கமாக எடுத்து, மடித்து, எந்த வரிசையில் எடுத்தார்களோ அந்த வரிசையில் அடுக்கினார்கள், திரும்ப வைக்க வேண்டுமே. ஒரு மல்யுத்தக்காரரின் தூக்கத்தைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஒரு வங்கி அதிகாரியுடையது ஏற்கனவே மடித்தே கிடந்தது. துணி அறைச் சன்னலுக்கு நேர் கீழே விரிப்பக்கா தனியாக உட்கார்ந்து ஸ்பூனால் சுரண்டினாள். உச்சி வெயிலில் அவள் கை நின்றது. கைக்குட்டையைவிடப் பெரியது, துண்டைவிடச் சின்னது. ஒரு மூலை பல்லால் கடித்துக் கடித்து நைந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன முஷ்டி பிடித்திருந்த கசங்கல் அப்படியே இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

ஆந்தையார் அதை வாங்கி மேலே போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்தார். நெஞ்சை மூடினால் இடுப்புக்கு மேல்தான் வந்தது. கீழே இழுத்தால் நெஞ்சு வெளியே கிடந்தது. ஏழு வயதுப் பையனின் தூக்கம், ஆறடி மனிதருக்கு எங்கே காணும். அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்தார். இன்ஜினியர் பெண் வரைபடத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். பெண்கள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்கள். இவ்வளவு தோண்டியும் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று ஆந்தையார் எழுந்திருக்கப் போனார்.

“எந்திரிக்காத” என்றாள் அக்கா. “கட்ட மாதிரி நீட்டிப் படுத்தா எப்படி? அப்பல்லாம் சுருண்டுதான படுப்ப?”

பாதி நகரத்தைக் கட்டிய மனிதர் முழங்காலை மடக்கினார். அப்புறம் இன்னும் கொஞ்சம் மடக்கினார். மூட்டு இரண்டும் கதவுக் கீல் போலச் சத்தம் போட்டன. முகவாயை முழங்காலில் வைத்து, கைகளைக் கால்களுக்கு நடுவில் செருகினார். அக்கா தூக்கத்தின் ஓரத்தை இழுத்துக் கழுத்து வரைக்கும் விட்டாள், பாதம் வரைக்கும் விட்டாள். சரியாக இருந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. அதன் காற்றில் தெருவில் போன இரண்டு சைக்கிள்காரர்கள் தடுமாறினார்கள் என்பார்கள். ஆந்தையார் தூங்கிவிட்டார்.

மறுநாள் காங்கிரீட் லாரிகள் வந்தன. குழியில் மண் ஏற ஏறப் பெண்கள் அவரைச் சுருண்டபடியே தூக்கித் தூக்கித் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மூலையில் வர வேண்டிய தூணை இன்ஜினியர் பெண் நாலடி தள்ளிப் போட்டாள். தளம் போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள், இயந்திரங்கள் நாள் முழுக்க ஊரையே உலுக்கின, அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. மண் குழிக்குத் திரும்பியதும் ஓட்டல் அறைகள் நிரம்பின, ஒரு பெண்ணையும் நிறுத்தவில்லை. ஆந்தையாரின் மனைவி தினம் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இமையை அவள் பார்த்ததில்லை. இடது இமையில் ஒரு மச்சம் இருந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். பன்னிரண்டாம் மாடி முடிந்து, கண்ணாடி பதித்து, ஓர் இன்சூரன்ஸ் நிறுவனமும் இரண்டு ஆடிட்டர்களும் குடிவந்தார்கள். தரைத்தளத்தில் ஒருவர் படுத்திருப்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கார் நிறுத்த இடமில்லை என்பதைப் பற்றித்தான் வாரம் ஒரு முறை சண்டை போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு மாடியிலும் தலை தொங்கியது. எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான் என்பதால் யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

ஒரே ஒரு முறை அவர் கண் திறந்தார். விரிப்பக்காவுக்கு அப்போது வேலை ஓய்வு ஆகியிருந்தது. கை சும்மா இருக்காதென்று ஓட்டல் தலையணை உறைகளைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“அக்கா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சா?”

அவள் கையில் இருந்த உறையை மடித்து முடித்தாள்.

“இன்னைக்கு லீவுடா. படு.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று வேலை நாள். இன்சூரன்ஸ் ஆட்கள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவரைக் கடந்து லிஃப்டுக்குப் போனார்கள்.